பட்டா என் பேரில் இருக்கிறது, நிலம் என்னுடையதுதானே? தமிழ்நாட்டில் நில உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டா என் பேரில் இருக்கிறது. அப்படியானால் நிலம் எனக்குச் சொந்தம்தானே?

பெரும்பாலும் ஆம். ஆனால் பட்டாவால் மட்டும் அது சொந்தமாகிவிடாது. வருவாய்த்துறைப் பதிவில் பெயர் ஏறியிருப்பது உரிமையைத் தராது, உரிமையைப் பறிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. கிரயமா, செட்டில்மென்டா, பாகப்பிரிவினையா, உயிலா, வாரிசு உரிமையா, அரசு ஒப்படையா? அந்த வழியைக் காட்டும் ஆதாரம் வேண்டும். அதோடு அனுபோகம், அதாவது நிலம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்து பார்க்கப்படும்.

நம் ஊரில் ஒரே நிலத்துக்கு மூன்று இடங்களில் மூன்று கதைகள் இருக்கலாம். தாலுகா அலுவலகத்தில் பட்டா, சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு. ஒன்று சொல்வதற்கு மற்றொன்று உத்தரவாதம் தருவதில்லை. மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்த வைக்கும் வேலை நிலம் வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது. படித்தவர், அலைய நேரமும் காசும் உள்ளவர் அதைச் செய்துவிடுகிறார். கூலிக்குப் போகிறவர், கணவனை இழந்தவர், ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர் ஆகியோரின் நிலம்தான் இந்த இடைவெளியில் கை மாறுகிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைப் பற்றியவைதான்.

பட்டா உரிமை ஆவணம் இல்லையென்றால் அது எதற்கு?

வரி வசூலுக்காகப் பிறந்தது அது. 1792இல் பாராமகால் பகுதி, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே விவசாயியிடமிருந்து நேரடியாகத் தீர்வை வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதுதான் ரயத்துவாரி. மன்றோ சென்னை மாகாண ஆளுநராக இருந்த 1820களில் அது மாகாணத்தின் பொது முறையாக நிலைத்தது. எந்தப் புலத்துக்கு யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டுதான் பட்டா. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் பகுதிகளில் கதை வேறு. அங்கே ஜமீன்தார் நடுவில் இருந்தார். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பயிர் செய்தவர்களுக்கு ரயத்துவாரி பட்டா வந்தது. உங்கள் நிலம் பழைய ஜமீன் அல்லது இனாம் கிராமத்தில் இருந்தால் அந்த ஒழிப்புக் காலத்தில் கொடுத்த பட்டாவுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வரிக்காக வந்த காகிதமாக இருந்தாலும் இன்று பட்டா இல்லாமல் ஒன்றும் நடக்காது. பயிர்க் கடன், மின் இணைப்பு, இழப்பீடு, விற்பனை எல்லாவற்றுக்கும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அதனால் பட்டாவை அலட்சியம் செய்யவும் கூடாது, அதை மட்டும் நம்பவும் கூடாது.

பத்திரம் அரசு அலுவலகத்தில்தானே பதிவானது? அரசே உரிமையை ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

ஆகாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. இந்த ஆள் இந்த ஆளுக்கு இப்படி எழுதிக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் அது சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலத்தில் உரிமை இருந்ததா என்று ஆராயும் அதிகாரம் சார் பதிவாளருக்கு இல்லை. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55அ விதியின் முதல் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கே. கோபி வழக்கில் செல்லாது என்று சொன்னதும் இந்தக் காரணத்தால்தான். தீர்ப்பு சட்டப்படி சரி. ஆனால் டபுள் டாக்குமென்ட் போட்டு, அதாவது ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்து, ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கும் பொறுப்பு அந்தத் தீர்ப்பால் வாங்குபவர் பக்கம்தான் கூடுதலாகச் சாய்ந்தது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. பயமில்லாமல் வாங்கலாமா?

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் அது தெரியாமல் போகலாம். வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை தெரியாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு தெரியாது. பங்கு தராமல் விடப்பட்ட ஒரு மகள் எங்கோ இருக்கிறார் என்பதும் தெரியாது. தேடும் சர்வே எண்ணைத் தவறாகக் கொடுத்தாலும் சான்று சுத்தமாகத்தான் வரும்! உட்பிரிவு ஆன நிலம் என்றால் தாய் எண்ணையும் போட்டுப் பாருங்கள். 112/3அ என்ற நிலத்துக்கு 112/3 என்றும், அதற்கு முன் 112 என்றும் பத்திரங்கள் இருந்திருக்கும்.

அப்புறம், இடத்துக்கு நேரில் போங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் 'இது யாருது?' என்று கேட்டால் எந்தச் சான்றிலும் இல்லாத விஷயம் வெளியே வரும்.

யு.டி.ஆர். தவறு என்கிறார்களே, அது என்ன? என் தாத்தா நிலம் எப்படி வேறொருவர் பேருக்குப் போனது?

இந்தப் பக்கத்தில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று அரசு சொன்னது, ஊரில் யு.டி.ஆர். என்றே பெயர். அதற்கு முன் இருந்த பட்டாக்களில் பல, இறந்து போன முன்னோர்கள் பேரிலேயே கிடந்தன. இப்போது யார் அனுபவிக்கிறார்களோ அவர்கள் பேருக்கு மாற்றுவதும், ஏக்கர் கணக்கை ஹெக்டேருக்கு மாற்றுவதும்தான் வேலை. நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதிவந்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்ததும் இதே ஆண்டுகளில்தான். பரம்பரைப் பதவியை ஒழித்தது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்தவர்கள் போய், ஊருக்குப் புதியவர்கள் வந்த நேரத்தில் பெயர்கள் மாற்றி எழுதப்பட்டன.

விளைவு இப்படி இருக்கும். ஒரு புலம், பழைய பட்டாவில் தாத்தா பேர். அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் ஊரில் இருக்கிறார், நடு மகன் திருப்பூரில் வேலை, கடைசி மகன் இறந்து மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். விசாரிக்க வந்தவர்களிடம் மூத்தவர் 'நான்தான் பார்க்கிறேன்' என்றார். அவர் பேர் மட்டும் ஏறிவிட்டது. அன்றைக்கு அவர் மனதில் திருட்டு எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அவருடைய பேரன் கணினிப் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு முழு நிலத்தையும் விற்கக் கிளம்பும்போது அந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. பரப்பு குறைந்து போனது, இரண்டு பேருடைய உட்பிரிவு எண்கள் இடம் மாறியது, பட்டா நிலம் புறம்போக்கு ஆனது என்று வேறு வகைப் பிழைகளும் நிறைய.

அதை இப்போது திருத்த முடியுமா?

முடியும். யு.டி.ஆருக்கு முன் என்ன இருந்தது என்று காட்டுவதுதான் வழி. பழைய அ பதிவேட்டின் (எந்தப் புலம் யாருடையது என்று காட்டும் கிராமப் பதிவேடு) நகல், பழைய சிட்டா (ஒருவர் பேரில் உள்ள நிலங்களின் பட்டியல்), அடங்கல் (பயிர்க் கணக்கு), 1979க்கு முந்தைய பத்திரம், கிஸ்தி (நில வரி) ரசீது, இவற்றில் கிடைப்பதைச் சேருங்கள். யு.டி.ஆர். அ பதிவேட்டின் நகலையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை எந்த இடத்தில் புகுந்தது என்று தெரிந்துவிடும். தாலுகா அலுவலகத்தில் நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழுத்துப் பிழை போன்றவை கீழ்மட்டத்திலேயே தீரும். பெயரே மாறியிருந்தால் பிழையின் வகையைப் பொறுத்து கோட்டாட்சியரோ மாவட்ட வருவாய் அலுவலரோ இரு தரப்பையும் விசாரித்து உத்தரவிடுவார். எதிர்த்தரப்பு நிலத்தில் உரிமை கொண்டாடினால் வருவாய்த்துறை பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடும்.

தாமதிக்காதீர்கள். அந்த நாளில் அங்கே இருந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போது கிடைக்கும் சாட்சி பிறகு கிடைக்காது.

பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் 0.48.50 என்று இருக்கிறது. குறைந்துவிட்டதா?

இல்லை. பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 சென்ட். 48.50 ஏர்ஸ் என்றால் 119.8 சென்ட், அதாவது கிட்டத்தட்ட உங்கள் 1.20தான். டெல்டாப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் வேலி, மா, குழி என்று இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்பது சுமார் 33 சென்ட், வேலி 6 ஏக்கர் 60 சென்டுக்குச் சற்று மேல். ஓரிரு சென்ட் வித்தியாசம் மாற்றுக் கணக்கில் வருவது. பத்து, இருபது சென்ட் குறைந்தால் புலப்படத்தை எடுத்து சர்வேயரை வைத்து அளந்து எல்லையைக் காட்டச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே அதிக மதிப்புக் கொடுக்கின்றன. அதனால் 'வடக்கே இன்னாருடைய நிலம், கிழக்கே வாய்க்கால்' என்று எழுதும் அந்தப் பத்தியைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே காப்பி அடிக்க விடாதீர்கள். வடக்கே இருந்தவர் செத்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். பத்திர எழுத்தர் அவசரப்படுத்தினாலும் அன்றைய நிலவரத்தை எழுதச் சொல்லுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. அப்பா நிலத்தில் எனக்குப் பங்கு உண்டா?

உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இலேயே திருத்தம் கொண்டுவந்து பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் 25.3.1989க்கு முன் திருமணம் ஆனவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அப்பா 2005க்கு முன்பே இறந்துவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒரே விலக்கு, 20.12.2004க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினையும் அதற்கு முன் நடந்த விற்பனையும். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். எழுதாமல் இறந்தால் மகன், மகள், மனைவி, அவருடைய தாயார் எல்லோருக்கும் சம பங்கு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடப்பது வேறு. 'சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று' என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். விருப்பத்தோடு போட்டால் அது உங்கள் முடிவு. ஆனால் என்ன காகிதம் என்று தெரியாமல் போடாதீர்கள். 'வாரிசுச் சான்று வாங்கத்தான்' என்று சொல்லி சார் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனால் அங்கேயே சந்தேகப்படுங்கள். வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்தில் தருவது.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 1.4.2025 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கூட்டுப் பட்டாவில் இருக்கிறேன். என் பங்கை மட்டும் விற்கலாமா?

விற்கலாம், பிரிக்கப்படாத பங்காக. ஆனால் 'கிணற்றடியில் உள்ள 40 சென்ட்' என்று ஓர் இடத்தைக் காட்டி விற்க வேண்டுமானால் முதலில் பாகப்பிரிவினை, பிறகு உட்பிரிவு, பிறகு தனிப் பட்டா. இந்த வரிசையை மாற்றினால் வாங்குகிறவருக்கும் உங்களுக்கும் தலைவலி.

எங்கள் வீட்டை நத்தம் புறம்போக்கு என்கிறார்கள். காலி செய்யச் சொல்வார்களா?

நத்தம் வேறு, ஏரி வாய்க்கால் புறம்போக்கு வேறு. நத்தம் என்பது ஊர்க் குடியிருப்புக்கென்று தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்ட இடம். அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவரை அரசு நில ஆக்கிரமிப்பாளராக நடத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. நத்தம் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். நீர்நிலைக்குள் கட்டிய வீட்டுக்குப் பட்டா கிடைக்காது, வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் காப்பாற்றாது. மாற்று இடம் கேட்டுப் போராடுவதுதான் அங்கே நடைமுறையில் உள்ள வழி.

பஞ்சமி நிலம் என்றால் என்ன? அதை யாராவது வாங்கியிருந்தால்?

செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அங்கிருந்த பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாததுதான் அவர்களை அடிமையாக வைத்திருக்கிறது என்று விவரமாக எடுத்துக் காட்டிய அறிக்கை அது. அதைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை: முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அதில் பெரும்பகுதி இன்று அவர்கள் கையில் இல்லை. கடனுக்கு எழுதி வாங்கியது, மிரட்டி வாங்கியது, கைநாட்டு வைக்கச் சொல்லி ஏமாற்றியது என்று நிலம் போன விதங்கள் பல. 1994இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இன்றும் ஆறாத மனத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

வாங்கப் போகும் நிலம் பஞ்சமியா என்று பார்க்கக் கணினிப் பட்டா போதாது. யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ இருக்கும். அந்தக் குறிப்பு யு.டி.ஆர். பதிவேட்டில் விடுபட்டுப்போன இடங்கள் உண்டு. நடுவில் எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும், எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை போகாது. 'ஐம்பது வருட வில்லங்கம் சுத்தம்' என்று தரகர் சொல்வதை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது.

நில உச்சவரம்பு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆனது. தர ஏக்கர் என்பது சாதாரண ஏக்கர் அல்ல. தீர்வையை வைத்துப் போடும் கணக்கு அது, மட்டமான புன்செய் என்றால் பல ஏக்கர் சேர்ந்துதான் ஒரு தர ஏக்கர். சட்டம் வருவதற்கு முன்பே உறவினர், அறக்கட்டளை பேர்களில் நிலத்தைப் பிரித்து எழுதியவர்கள் ஏராளம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரிக் கைப்பற்று 0.75 ஹெக்டேர்தான், அகில இந்திய சராசரி 1.08. நம்மில் பெரும்பாலோருக்கு உச்சவரம்பு ஒரு பிரச்சினையே இல்லை.

குத்தகைக்கு உழுகிறேன், எழுத்து எதுவும் இல்லை. எனக்கு ஏதாவது உரிமை உண்டா?

சட்டத்தில் உண்டு. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உழைப்பைப் போட்டு உழுகிறவரை நிலச்சொந்தக்காரர் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் பேரைப் பதிவு செய்யவும் கேட்கலாம். ஆனால் கேட்ட அன்றே 'அடுத்த போகத்துக்கு வராதே' என்பார்கள் என்ற பயம் நியாயமானது. வெள்ளம் வந்து பயிர் போனால் நிவாரணம் பட்டாதாரருக்குப் போகிறது, கடன் உழுதவருக்கு நிற்கிறது. குறைந்தபட்சம் அடங்கலில் சாகுபடியாளர் என்று உங்கள் பேர் வருகிறதா என்று ஒவ்வொரு பசலியும் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) பாருங்கள். குத்தகை நெல் அளந்ததற்கும் பணம் கொடுத்ததற்கும் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் வங்கி வழியாகச் செலுத்துங்கள். தேதியோடு நிற்கும் ஒரு வரி நாளைக்கு உங்களுக்குச் சாட்சி.

சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலத்தை எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்?

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பு, கிராமப்புறம் என்றால் அதற்கு ஒரு பெருக்கம், அதற்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை. சந்தை மதிப்பைப் போடும்போது வழிகாட்டி மதிப்பையும், சுற்று வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியின் சராசரியையும் பார்த்து எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் மிச்சம் பண்ண எல்லோரும் விலையைக் குறைத்துக் காட்டிப் பதிந்த ஊரில், நிலம் எடுக்கும்போது எல்லோருக்கும் குறைவாகத்தான் வரும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், 2001ஆம் ஆண்டு மாநில நெடுஞ்சாலைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடும் ஒப்புதல் கேட்பதும் கிடையாது. 2019இல் உயர் நீதிமன்றம் இந்தச் சட்டங்களை முடக்கியது. அதே ஆண்டு சட்டமன்றம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பணம் புதிய சட்டப்படி கிடைக்கும், கருத்துச் சொல்லும் உரிமை பாதிதான் கிடைக்கும் என்பது பெரிய அநீதி. அறிவிப்பு வந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. பட்டா தாத்தா பேரில் இருந்தால் நோட்டீஸ் உங்களுக்கு வராமலேயே போகலாம், தொகை நீதிமன்ற டெபாசிட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பட்டா மாறுதல் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அடுத்து?

காரணத்தோடு உத்தரவு நகலை வாங்குங்கள். தாசில்தார் உத்தரவுக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. புதிதாக மனுப் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை, மேல்முறையீட்டுக் காலம்தான் வீணாகும். சிக்கலே உரிமையில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது நிலம் உங்களுடையது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு. சின்னத் திருத்தங்களுக்கு ஆண்டுதோறும் மே, ஜூனில் நடக்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுக்கலாம். கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் மேஜைக்கு வரும் நாள் அது. மனுவுக்கு எண் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது. எல்லாம் போச்சா?

போகவில்லை. பதிவான பத்திரத்தின் முழுப் பிரதி சார் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். எண்ணும் ஆண்டும் தெரிந்தால் நகல் மனுப் போடலாம், தெரியாவிட்டால் வில்லங்கச் சான்றிலிருந்து எடுக்கலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ போகிறீர்கள் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் நாளிதழ் விளம்பரமும் வாங்கி வைக்க வேண்டியிருக்கும். பத்திரத்தைக் கடனுக்காக யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தொலைந்தது என்று மட்டும் புகார் கொடுக்காதீர்கள். அது தனிக் குற்ற வழக்காகிவிடும்.